கால்கிலோ கணக்கு

பிறந்தநாள் கேக் விசயத்தில எங்கட ஊரில ரெண்டு கட்சி இருக்கு. ஒரு கட்சிக்குக் கேக் எண்டால் பெட்டியில வாற, மேல பெயர் எழுதின, ஸ்டேட்டஸில போடக்கூடிய கேக். மற்றக் கட்சிக்கு அதெல்லாம் வீண்செலவு. ஒரு துண்டு பட்டர் கேக்கும் பிளேன்ரீயும் காணும். நாங்கள் மூன்றாவது கட்சி. கேக் பகட்டாகவும் இருக்கவேணும், கடனும் படக்கூடாது.

நாங்கள் எண்டால் கிளிநொச்சியில மூன்று சகோதரங்கள். ஒராள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடம், மற்ற ரெண்டு பேரும் பள்ளிக்கூடம். 2025இல் அம்மாவுக்கு ஐம்பது வயது. அவ தன்ர பிறந்தநாளுக்கு ஒருக்காலும் கேக் வெட்டினதில்லை. 1996இல் கிளிநொச்சியை விட்டு மல்லாவிப் பக்கம் போனவ. 2009இல் செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில எங்களோட இருந்தவ. கேக் கதையை எடுத்தவுடன, "எனக்கென்னத்துக்கு மோனை கேக்கு? அந்தக் காசுக்குக் குசினிக் கூரைக்கு ரெண்டு தகரம் மாத்தலாம்" எண்டா.

தகரமும் தேவைதான். ஆனால் முகாமில தந்த நிவாரணத்தை யோசிச்சுப் பாருங்கோ. அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி. கேக்குக்குத் தேவையான மாவும் சீனியும் அதுக்குள்ளயே இருந்தது. அதில ரொட்டி சுட்டுத்தான் எங்களை வளர்த்தவ. உயிரோட இருக்க எவ்வளவு காணும் எண்டு கணக்குப் பார்த்துத் தந்த பட்டியலில அழகுக்கு ஒரு வரி இருக்காது. அந்தக் கணக்கு முகாமோட முடியேல்லை. இண்டைக்கும் அம்மா தனக்கெண்டு எதையும் "காணும்" எண்ட அளவோட நிப்பாட்டுறா. நாங்கள் ஒரு நாளுக்காவது அதை மீறவேணும் எண்டு நினைச்சம்.

மகாபொலக் காசில மிஞ்சினதோட கரடிப்போக்குச் சந்திக்குப் போய்ச் சாமான் வாங்கினம். பழைய பட்டர் கேக் கணக்கு லேசானது. மா 250 கிராம், சீனி 250, மாஜரின் 250, முட்டை 5. எல்லாம் ஏறக்குறைய ஒரே நிறை. முந்தி இங்கிலாந்தில ஒவ்வொரு சாமானிலயும் ஒரு இறாத்தல் போட்டதாலதான் இதுக்குப் பவுண்ட் கேக் எண்டு பெயர். மாவோட ரெண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர்.

எங்களிட்ட அவண் இல்லை. பெரிய அலுமினியப் பானையில மணல் பரப்பிச் சூடாக்கி, கேக் தட்டை உள்ள வைச்சு, மூடிக்கு மேல சிரட்டைத் தணல் போட்டம். ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட எடுத்தது.

பகட்டின்ர முதல் ரகசியம் உயரம். அகலத் தட்டில ஒரு கேக் சுடுறதை விடச் சின்னத் தட்டில ரெண்டு சுட்டு, மேடான மேற்பக்கத்தைச் சீவிப்போட்டு, இடையில ஜாம் பூசி அடுக்கினால் அதே மாவுக்கு ரெண்டு மடங்கு மதிப்பு. ஐசிங் சீனி வாங்கேல்லை. சாதாரண சீனியைக் கிரைண்டரில அரைச்சு, அரிதட்டில ரெண்டு தரம் அரிச்சு, மாஜரினோட அடிச்சம். எங்கட வெக்கைக்குப் பட்டரை விட மாஜரின் கொஞ்சம் கூட நேரம் நிண்டு பிடிக்கும். முதல்ல மெல்லிசா ஒரு பூச்சு; அது தூளையெல்லாம் பிடிச்சு வைச்சிருக்கும். அது இறுகினபிறகு ரெண்டாம் பூச்சு. தம்பியின்ர அடிமட்டத்தைக் கழுவித் துடைச்சு, அதால சுத்திவர இழுத்தால் பக்கம் வழுவழுப்பா வரும்.

நிறத்துக்குப் பீற்றூட் சாறு ரெண்டு சொட்டு. அதைக் கேக் கலவைக்குள்ள விடாதேங்கோ, சூட்டில ரோஸ் நிறம் போயிடும். ஐசிங்குக்கு மட்டும்தான் சரி. தடிப்பான பொலித்தீன் பையின்ர மூலையை நறுக்கினால் பூப் பிழியலாம். ஒரு நிறத்துக்கு மேல போகாதேங்கோ. வெறும் இடம் விட்டால்தான் கடைக்கேக் மாதிரி இருக்கும். மேல ஒரு செவ்வரத்தம் பூ வைச்சம். அலரியைக் கிட்டவும் கொண்டு போகாதேங்கோ, அது நஞ்சு. கவிழ்த்த கோப்பைக்கு மேல சில்வர் பேப்பர் சுத்தின காட்போட் மட்டை. அதுதான் கேக் ஸ்ராண்ட்.

அம்மா கண்டவுடன விலைதான் கேட்டா. சொன்னம், நம்பேல்லை. பில்லைக் காட்டினபிறகுதான் கத்தியை எடுத்தா. முதல் துண்டை எங்களுக்குத் தீத்த வந்தா. நாங்கள் வாயைத் திறக்கேல்லை. வேற வழியில்லாமல் அந்தத் துண்டைத் தானே சாப்பிட்டா.

செய்துபார்க்கிற ஆக்களுக்கு ஒண்டு சொல்லுறம். மாவும் சீனியும் எப்பவும் வாங்கலாம். உங்கட அம்மான்ர பிறந்தநாள் எப்ப எண்டு முதல்ல கேட்டு வையுங்கோ. எங்களுக்கு அதை அறியவே அவவின்ர அடையாள அட்டையைப் பார்க்கவேண்டி வந்தது.