தொண்ணூறு நாள் வெயில்

குளிர்காலம் வந்தால் பறவைகள் தெற்கே போகும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். ஐரோப்பாவில் பறவைகளோடு தாத்தா பாட்டிகளும் போகிறார்கள். அக்டோபர் முடிந்ததும் இங்கிலாந்து, நெதர்லாந்து, ஜெர்மனி, ஸ்வீடன் என்று வடக்கிலிருந்து கேம்பர் வேன்கள் கிளம்பிவிடும். படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. போய்ச் சேருமிடம் ஸ்பெயினின் கிழக்கு, தெற்குக் கடற்கரை. இல்லாவிட்டால் போர்ச்சுகலின் அல்கார்வ். ஜெர்மன்காரர்கள் இதற்கென்றே ஒரு வினைச்சொல் வைத்திருக்கிறார்கள்: ஊபர்விண்டர்ன். குளிர்காலத்தைக் கழிப்பது என்று பொருள்.

வெயில் என்றதும் குடை தேடுகிற ஊர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் டிசம்பரில் எடின்பரோவில் பகல் என்பது 7 மணி நேரம்தான். அதிலும் பாதி நாள் மேகம். அதே டிசம்பரில் ஸ்பெயினின் அலிகாந்தேயில் பகல் ஒன்பதரை மணி நேரம். ஜனவரியில்கூட மதிய வெப்பம் சராசரியாக 17 டிகிரி. மூட்டுவலியோடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிற 70 வயதுக்காரருக்கு அந்த இரண்டரை மணி நேர வெளிச்சம் எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு காலத்தில் இது பணக்காரர்களின் பழக்கம். பிரான்சின் நீஸ் நகரக் கடற்கரைச் சாலைக்கே 'ஆங்கிலேயர் உலாச் சாலை' என்றுதான் பெயர். குளிருக்குப் பயந்து அங்கே வந்து தங்கிய ஆங்கிலேயர்கள் காசு போட்டு ஆரம்பித்த சாலை அது. 1890களில் விக்டோரியா மகாராணியே அங்கு வந்து வாரக்கணக்கில் தங்கியிருக்கிறார். 2021ல் யுனெஸ்கோ அந்த நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, 'குளிர்கால வாசஸ்தலம்' என்றே குறிப்பிட்டது.

மகாராணிக்கு மட்டும் கிடைத்த வெயில் ஓய்வூதியக்காரருக்கும் கிடைக்க ஒரு வண்டி வேண்டியிருந்தது. 1950ல் ஃபோக்ஸ்வாகன் தன் வேனை வெளியிட்டது. 1951ல் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்திக் கொடுத்தது. மாளிகை வாங்க வேண்டாம், ஹோட்டல் வாடகை வேண்டாம். வீட்டையே ஓட்டிக்கொண்டு போய்விடலாம்!

சரி, வண்டி இருக்கிறது. தங்குவதற்கு இடம்? இங்கேதான் வணிகவியல் பாடம் வருகிறது.

கடற்கரை ஊரில் ஒரு கேம்பிங் மைதானம் வைத்திருப்பவருக்கு ஜூலை, ஆகஸ்டில் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது. ஜனவரியில் ஈ ஓட்ட வேண்டும். ஆனால் நிலத்துக்கான வரி, காவலாளி சம்பளம், பராமரிப்பு எல்லாம் 12 மாதமும் உண்டு. காலியாகக் கிடக்கிற இடத்துக்குக் குறைந்த வாடகை வந்தாலும் லாபம்தான். அதனால் ஒரு மாதம் தங்கினால் ஒரு விலை, மூன்று மாதம் தங்கினால் இன்னும் குறைந்த விலை என்று குளிர்காலத்துக்குத் தனிப் பட்டியல் வைத்துவிடுகிறார்கள். ஸ்பெயின் அரசாங்கமே இந்தத் தந்திரத்தைத் தெரிந்து வைத்திருக்கிறது. இம்செர்சோ என்ற திட்டத்தில் 1985லிருந்து தன் நாட்டு முதியவர்களை மலிவு விலையில் சீசன் இல்லாத மாதங்களில் கடற்கரை ஹோட்டல்களுக்கு அனுப்புகிறது. முதியவர்களுக்கு விடுமுறை, ஹோட்டல் ஊழியர்களுக்குக் குளிர்காலத்திலும் வேலை.

இதுவரை எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் முதலில் சொல்வது 'சுதந்திரம்' என்ற வார்த்தையை. நினைத்த இடத்தில் நிறுத்தலாம், நினைத்தபோது கிளம்பலாம்... கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் அந்த வார்த்தை தள்ளாட ஆரம்பிக்கிறது.

முதலில், நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. ஸ்பெயினின் போக்குவரத்துத் துறை 2008ல் ஒரு விளக்கம் கொடுத்தது. சக்கரம் மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டு நின்றால் அது பார்க்கிங். உள்ளே தூங்கினாலும் பரவாயில்லை. ஆனால் பக்கத்தில் பந்தலை விரித்து, நாற்காலி மேசை போட்டுவிட்டால் அது முகாம்! அதற்கு வேறு சட்டம். போர்ச்சுகல் இன்னும் கடுமை. 2021 ஜனவரியில் அனுமதிக்கப்பட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் இரவு தங்கக் கூடாது என்றது. அதே வருடம் ஆகஸ்டில் கொஞ்சம் இறங்கி வந்து, ஒரு நகராட்சி எல்லைக்குள் 48 மணி நேரம் வரை தங்கலாம் என்றது. இயற்கைப் பாதுகாப்புப் பகுதிகளில் அதுவும் கிடையாது. உள்ளூர்க்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பாறை ஓரத்தில் இலவசமாக நிறுத்திவிட்டு, கழிவுநீரை அங்கேயே திறந்துவிட்டுப் போகிற ஒருவரால் ஒழுங்காக இருக்கிற பத்துப் பேருக்கும் கெட்ட பெயர்.

இரண்டாவது, எடை. வண்டியின் மொத்த எடை 3,500 கிலோவுக்குள் இருந்தால் சாதாரணக் கார் லைசென்ஸ் போதும். தொட்டியில் 100 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் 100 கிலோ காலி. காஸ் சிலிண்டர், பேட்டரி, சைக்கிள், நாற்காலி, இரண்டு மனிதர்கள்... ஐந்து மாதக் குடித்தனத்தையும் தராசில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். அதற்கு மேல் எடையுள்ள வண்டி வைத்திருக்கும் பிரிட்டிஷ்காரர்களுக்கு 70 வயதில் இன்னொரு பரீட்சை. பழைய லைசென்ஸில் இருந்த பெரிய வண்டி உரிமை தொடர வேண்டுமானால் டாக்டர் பரிசோதித்துப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

மூன்றாவதுதான் பெரிய அடி. நாட்கள்.

பாடப்புத்தகக் கணக்கில் வருவதுபோல ஒரு தம்பதியை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்காரர்கள். அவருக்கு 69, அந்த அம்மாவுக்கு 67. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சேமிப்பைப் போட்டு வேன் வாங்கினார்கள். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை தெற்கில் இருப்பது என்று திட்டம். மொத்தம் 151 நாள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தவரை இதைத் தடுக்க யாருமில்லை. 2021 ஜனவரி 1லிருந்து கதை மாறிவிட்டது. ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் சேர்த்து, எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான் இருக்கலாம். வந்த நாளும் கணக்கு, போகிற நாளும் கணக்கு. ஜனவரி 5ஆம் தேதி நுழைந்தால் ஏப்ரல் 4ஆம் தேதிக்குள் வெளியேறிவிட வேண்டும். அதாவது நவம்பர், டிசம்பர் என்ற இருட்டு மாதங்கள் இரண்டும் லீட்ஸில்தான்.

அந்த 90ம் முழுதாகக் கையில் நிற்காது. கலேயிலிருந்து அலிகாந்தே வரை ஏறக்குறைய 1,800 கிலோமீட்டர். இந்த வயதில் நிதானமாக ஓட்டினால் போக 5 நாள், வர 5 நாள். பிரான்சில் மழையில் ஓட்டிய நாட்களும் 90ல்தான் கழியும். மிச்சம் 80. போர்ட்ஸ்மத்திலிருந்து சாந்தாந்தேருக்குக் கப்பலில் வண்டியை ஏற்றிப் போனால் சில நாட்கள் மிஞ்சும், பணம் கரையும்.

இன்ஷூரன்ஸ், வருடாந்திரச் சோதனை, தேய்மானம் எல்லாம் நிலையான செலவுகள். வண்டி ஓடினாலும் நின்றாலும் உண்டு. முன்பு 151ஆல் வகுத்த அதே தொகையை இப்போது 90ஆல் வகுக்க வேண்டும். ஒரு நாள் வெயிலுக்கான நிலையான செலவு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கூடிவிட்டது. வண்டியும் அதேதான், வெயிலும் அதேதான்.

விசா வாங்கலாமே என்பீர்கள். வேலை செய்யாமல் தங்குவதற்கு ஸ்பெயினில் ஒரு விசா உண்டு. 2024 கணக்குப்படி, ஒருவருக்கு மாதம் 2,400 யூரோ, துணைக்கு இன்னொரு 600 யூரோ வருமானம் காட்ட வேண்டும். அந்த வருடம் பிரிட்டனில் முழு அரசு ஓய்வூதியம் வாரம் 221 பவுண்டு 20 பென்ஸ். இருவருக்கும் சேர்த்து மாதம் சுமார் 2,250 யூரோதான் வரும். வேறு வருமானம் இருப்பவருக்குக் கதவு திறக்கும், இல்லாதவருக்குத் திறக்காது. பழையபடி இது மகாராணி காலத்தை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது என்று சொன்னால் தப்பில்லை.

சிலர் அல்ஜெசிராசில் கப்பல் ஏறி மொராக்கோவுக்குப் போய்விடுகிறார்கள். அது ஷெங்கனுக்கு வெளியே. அங்கே இருக்கும் நாட்கள் இங்கே கழியாது. பாஸ்போர்ட்டில் முத்திரை சரியாக விழவில்லை என்று தப்பித்த காலமும் போய்க்கொண்டிருக்கிறது. 2025 அக்டோபர் 12 முதல் விரல் ரேகை, புகைப்படத்தோடு கணினியே நாட்களை எண்ண ஆரம்பித்திருக்கிறது.

நெதர்லாந்துக்காரருக்கும் ஜெர்மன்காரருக்கும் 90 நாள் தொல்லை இல்லை. ஆனால் அவர்களும் மூன்று மாதத்துக்கு மேல் ஸ்பெயினில் தங்கினால் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒரு வருடத்தில் 183 நாளைத் தாண்டினால் வரித்துறை அவர்களைத் தன் ஆளாகவே நினைத்துக்கொள்ளும்.

இத்தனைக்குப் பிறகும் ஏன் போகிறார்கள்? ஜனவரி மதியத்தில் ஒரு கேம்பிங் மைதானம் எப்படியிருக்கும் என்று பார்த்தால் புரியும். வரிசையாக வேன்கள், நடுவே செடிவேலி. வருடா வருடம் அதே இடத்தைக் கேட்டு வாங்குகிறவர்கள். இரும்புக் குண்டு உருட்டி விளையாடுகிறவர்கள். வடக்கில் இருந்தால் டி.வி.யோடு மட்டும் பேசிக்கொண்டிருக்கக்கூடிய ஒருவர், இங்கே பக்கத்து வண்டிக்காரர் இன்று ஏன் வெளியே வரவில்லை என்று போய்க் கதவைத் தட்டுகிறார். வெயிலுக்காக வந்தவர்களைப் பிடித்து வைப்பது பல சமயம் இந்தக் கதவு தட்டுகிற சத்தம்தான்.

சக்கரம் இருப்பதால் வந்த சுதந்திரம் என்று நினைக்கிறோம். உண்மையில் அந்தச் சுதந்திரத்தைத் தீர்மானிப்பது பாஸ்போர்ட், ஓய்வூதியம், கண்பார்வை, ஓட்டத் தெரிந்த துணை ஆகிய நான்கும்தான். இதில் ஒன்று போனாலும் வண்டி விற்பனைக்கு வந்துவிடும்.

அது அவர்களுக்குத் தெரியாததில்லை. இருந்தும் ஊர் திரும்பும் முன்பு பலரும் அலுவலகத்துக்குப் போய் அடுத்த குளிர்காலத்துக்கு அதே இடத்துக்கு முன்பணம் கட்டிவிடுகிறார்கள். 69 வயதில், அடுத்த ஜனவரிக்கு. கணக்கியலில் இதற்கு முன்கூட்டிச் செலுத்திய செலவு என்று பெயர். இருப்புநிலைக் குறிப்பில் அதைச் சொத்துகள் பக்கத்தில்தான் எழுத வேண்டும்.