முதல் மூன்று ஆட்டங்கள்

பத்திரிகையில் விளையாட்டுப் பக்கத்தைக் கவனித்த காலத்தில் எனக்கு அலுப்பூட்டிய வேலை ஒன்றுண்டு. பருவம் தொடங்கி இரண்டு மூன்று ஆட்டங்கள் முடிந்தவுடன், 'இம்முறை அணி எப்படி?' என்று ஒரு மதிப்பீடு எழுதித் தரவேண்டும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். துடுப்பாட்டத்தில் அந்தப் பழமொழி சரிவருவதில்லை. மேலே வெந்திருக்கும், அடியில் அரிசியாகவே கிடக்கும். ஆனாலும் பக்கம் நிரம்பவேண்டுமே, எழுதினோம்.

லங்கா பிரீமியர் லீக் தொடங்கிய 2020 இல் இந்தக் கேள்வி மறுபடியும் என்னிடம் வந்தது. யாழ்ப்பாணத்தின் பெயரைச் சுமந்த ஓர் அணி முதன்முறையாக அப்படியொரு தொடரில் ஆடியது. ஜப்னா ஸ்டாலியன்ஸ் என்று பெயர், தலைவர் திசர பெரேரா. கொரோனாக் காலமாகையால் எல்லா ஆட்டங்களும் அம்பாந்தோட்டையில், பார்வையாளர் இன்றி நடந்தன. முதல் ஆட்டத்தில் அவிஷ்க பெர்னாண்டோ ஆட்டமிழக்காமல் 92 ஓட்டங்கள் பெற, காலி அணியை எட்டு விக்கெட்டுகளால் வென்றார்கள். அடுத்ததில் தம்புள்ளைக்கு எதிராகத் திசர பெரேரா 44 பந்துகளில் 97. ரொறன்ரோவிலிருந்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "எங்கட பெடியள் பின்னுறாங்கள், பாத்தனியே?" என்றார். அந்த இரண்டு இன்னிங்சிலும் எங்கட பெடியள் ஒருவரும் இல்லை என்பதை நான் அப்போது அவருக்குச் சொல்லவில்லை. சந்தோஷமாக இருந்த மனிதர்.

தொடக்கத்தை வைத்து முடிவைச் சொல்வதன் அபத்தம் அந்தத் தொடரிலேயே தெரிந்தது. லீக் சுற்றின் எட்டு ஆட்டங்களில் இரண்டை மட்டுமே வென்ற காலி, தட்டுத்தடுமாறி அரையிறுதிக்கு வந்து, பட்டியலில் முதலிடத்தில் இருந்த கொழும்பைத் தோற்கடித்து இறுதிக்குப் போனது. நன்றாகத் தொடங்கிய யாழ்ப்பாணமோ மூன்றாம் இடத்துக்கு இறங்கியிருந்தது. டிசம்பர் 16 இல் இறுதியாட்டத்தில் 53 ஓட்டங்களால் வென்று கிண்ணத்தைப் பெற்றது யாழ்ப்பாணம். பின்னர் ஜப்னா கிங்ஸ் என்று பெயர் மாறியபோதும் அதே கதைதான். 2021 இலும் 2024 இலும் முதல் ஆட்டத்தில் காலி அணியிடம் தோற்று, இறுதியாட்டத்தில் காலி அணியையே வென்று கிண்ணம் எடுத்தார்கள். இடையில் 2022 இலும் கிண்ணம் அவர்களுக்கே. ஐந்து பருவங்களில் நான்கு. 2024 இறுதியில் ஆட்டமிழக்காமல் 106 ஓட்டங்களை விளாசியவர் தென்னாபிரிக்காவின் ரைலி ருசோ.

ஆகவே வெற்றி தோல்வியைக் கொண்டு தொடக்கத்தை எடைபோடுவது வீண். ஆனால் தொடக்க ஆட்டங்களில் பார்க்கவேண்டிய வேறொன்று உண்டு. பதினொருவரின் பெயர்ப்பட்டியல்.

2020 டிசம்பர் 4 இல் கொழும்பு அணியிடம் யாழ்ப்பாணம் தோற்றது. மறுநாள் விளையாட்டுப் பக்கங்களுக்கு அது ஒரு தோல்விச் செய்தி. எனக்கு அந்தப் பருவத்தின் மிகப் பெரிய செய்தி அதுவே. விஜயகாந்த் வியாஸ்காந்த் என்ற சுழற்பந்துவீச்சாளர் அன்று முதன்முறையாக ஆடினார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர். மறுநாள்தான் பத்தொன்பது வயது நிறைகிறது. அவர் எடுத்த விக்கெட் எதிரணித் தலைவர் அஞ்சலோ மெத்யூஸினுடையது. யாழ்ப்பாணத்தில் பிறந்து இத்தொடரில் ஆடிய முதல்வர் அவர்.

அவர் வந்த பின்னணியை நினைக்கவேண்டும். மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான வடக்கின் பெரும்போர் 1904 இல் தொடங்கியது. நூற்றாண்டு கடந்த பாரம்பரியம். யுத்தம் அதையும் சில ஆண்டுகள் விழுங்கியது. எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் நெடுங்காலம் விரிப்பு ஆடுகளத்திலேயே விளையாடினார்கள். விரிப்பில் பந்து ஒரே சீராக எழும்பும். அதில் பழகியவர் கொழும்பின் புற்தரை ஆடுகளத்துக்குப் போனால் எல்லாவற்றையும் புதிதாகக் கற்கவேண்டும். திறமை குறைவென்று திரும்பி வந்தவர்கள் பலருக்குக் குறைந்திருந்தது புற்தரைதான் என்பது என் கணிப்பு.

வியாஸ்காந்த் அதைத் தாண்டினார். 2023 ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்காக ஆடினார். 2024 மே 8 இல், காயமடைந்த வனிந்து ஹசரங்கவின் இடத்துக்கு அழைக்கப்பட்டு, சன்ரைசர்ஸ் ஐதராபாத் அணிக்காக ஐ.பி.எல். தொடரில் இறங்கினார். நான்கு ஓவர்கள், 27 ஓட்டங்கள், விக்கெட் இல்லை. அடித்து நொறுக்கும் அந்தத் தொடரில் அது மிக நல்ல பந்துவீச்சு.

ஆனால் அவருக்குப் பின்னால் யார்? 2020 குழாமில் கனகரட்ணம் கபில்ராஜ், தெய்வேந்திரம் டினோஷன் ஆகியோரின் பெயர்களும் இருந்தன. குழாமில் பெயர் இருப்பது வேறு, களத்தில் பந்து கையில் கிடைப்பது வேறு. வெளியே உட்கார்ந்திருக்கும் இளைஞன் தண்ணீர்ப் போத்தல் சுமக்கக் கற்றுக்கொள்கிறான். நான்கு கிண்ணங்கள் வந்த பிறகும், எங்கள் மண்ணில் பிறந்து அந்த அணிக்காகக் களமிறங்கியவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவர். உரிமையாளர்களை மட்டும் குறைசொல்வது நியாயமல்ல. வெல்வதற்காகப் பணம் போட்டவர்கள் வெல்லக்கூடியவர்களைத்தானே வாங்குவார்கள்? அதே வேளையில், யாழ்ப்பாணம் என்ற பெயருக்கு உலகெங்கும் கிடைக்கும் கைதட்டலும் அந்த வியாபாரத்தின் முதலில் சேர்ந்ததே. அதற்கு ஈடாகப் பருவத்தின் முதல் மூன்று ஆட்டங்களில், நெருக்கடி இல்லாத நேரத்தில், இருவருக்கேனும் இடம் கேட்பது பேராசை ஆகாது.

இன்னொன்று. இந்த ஐந்து பருவங்களில் ஓர் ஆட்டம்கூட யாழ்ப்பாணத்தில் நடக்கவில்லை. அம்பாந்தோட்டை, கொழும்பு, பல்லேகலை, தம்புள்ளை என்று எங்கள் அணி எப்போதும் விருந்தாளிதான். 2025 செப்டம்பர் 1 இல் மண்டைதீவில் சர்வதேச துடுப்பாட்ட மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். பண்ணைப் பாலம் தாண்டிச் சற்றுத் தூரம்தான். அடிக்கல்கள் நிறையப் பார்த்த ஊர் இது என்பதால் நான் துள்ளிக் குதிக்கவில்லை. ஆனாலும் முதலில் பயிற்சிக்கென நாலு புற்தரை ஆடுகளங்களைப் போட்டு, பாடசாலைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால், பார்வையாளர் மாடங்கள் மெதுவாக எழும்பட்டும், எனக்கு ஆட்சேபமில்லை.

அங்கே முதல் ஆட்டம் நடக்கும் நாளில் பத்திரிகையாளர் கூடத்தில் எனக்கு ஆசனம் வேண்டாம். வேலியோரம் நின்று பார்ப்பதாக இருக்கிறேன்.