இயந்திரத்தை விற்கலாம், மனிதனை?

 

வாங்குவதையும் விற்பதையும் நம் மார்க்கம் ஆகுமாக்கியுள்ளது. ஆயினும் ஃபிக்ஹு நூல்களில் விற்பனைக்கு ஒரு பாடமும், கூலிக்கு அமர்த்தும் 'இஜாரா'வுக்கு வேறொரு பாடமும் இருப்பதைக் காணலாம். பொருளை விற்கலாம். மனிதனின் உழைப்பையோ அவன் சம்மதத்துடன் கூலிக்குப் பெறலாம், அவ்வளவே. சுதந்திர மனிதனை விற்று அந்தக் கிரயத்தை உண்பவனுக்கும், வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கும் எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் எச்சரித்திருப்பதை நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். புகாரியில் பதிவாகியுள்ள அந்த ஹதீஸில் இவ்விரு குற்றங்களும் அடுத்தடுத்துக் கூறப்படுவது சிந்திக்கத்தக்கது.

எங்கள் மதரஸாவில் ஓதும் பிள்ளைகளின் பெற்றோர், ஆங்கிலக் கடிதம் ஏதேனும் வந்தால் என்னிடம் கொண்டுவருவது வழக்கம். அண்மையில் ஒரு மாணவரின் தந்தை அவ்வாறு ஒரு கடிதத்துடன் வந்தார். அவர் 17 ஆண்டுகள் பணிபுரிந்த நிறுவனம், தன் பிரிவுகளுள் ஒன்றை வேறொருவருக்கு விற்றுவிட்டது. புதிய முதலாளியின் நியமனத் தாளில் உடனே கையொப்பமிட வேண்டுமாம். "ஹஜ்ரத், சம்பளம் குறையவில்லையே, கையெழுத்துப் போட்டுவிடலாமா?" என்று கேட்டார். தாளைப் படித்தேன். சம்பளம் குறையவில்லை என்பது உண்மையே. ஆனால் பணியில் சேர்ந்த நாள் என்ற இடத்தில் வரவிருக்கும் மாதத்தின் முதல் தேதி இருந்தது. அந்த ஒரு வரியில் 17 ஆண்டுகள் மறைந்துவிட்டன!

இதில் சட்டம் கூறுவது யாது? 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 25-எஃப்.எஃப். பிரிவாக இருந்த பாதுகாப்பு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் 73ஆம் பிரிவாகத் தொடர்கின்றது. உரிமையாளர் மாறும்போது மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். பணிக்காலம் அறுபடக் கூடாது. ஊதியமும் பிற நிபந்தனைகளும் முன்பைவிடக் குறையக் கூடாது. பின்னர் ஆட்குறைப்பு நேர்ந்தால், பழைய ஆண்டுகளையும் சேர்த்தே இழப்பீடு தருவதற்குப் புதியவர் சட்டப்படி பொறுப்பேற்றிருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும், ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து பணிபுரிந்த தொழிலாளி ஆட்குறைப்புக்கு உள்ளானவராகவே கருதப்படுவார். அவருக்கு ஒரு மாத முன்னறிவிப்பும், பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் சேரவேண்டும். 17 ஆண்டுகளுக்கு 255 நாள் ஊதியம்!

கொல்கத்தாவில் பிலிப்ஸ் ஆலை விற்கப்பட்டது தொடர்பான வழக்கில், சம்மதமின்றித் தொழிலாளரைப் புதிய நிர்வாகத்தின்கீழ் வேலை செய்யக் கட்டாயப்படுத்த இயலாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

புதியவரிடம் போகிறவர்களுக்கு மட்டுமன்று, பின்தங்கி நிற்பவர்களுக்கும் ஆபத்து உண்டு. 2014இல் நோக்கியாவின் கைபேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரித் தகராறு காரணமாக ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனைக்கு வெளியே நின்றது. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் வெளியேறினர். அவ்வாண்டு நவம்பரில் உற்பத்தியும் நின்றுபோயிற்று. எந்தப் பிரிவு விற்கப்படுகிறது, எது எஞ்சுகிறது, எஞ்சியதற்கு வேலை இருக்குமா என்பதை முன்கூட்டியே கேட்டறிவது அவசியமாகும்.

பிரிட்டனில் 2006ஆம் ஆண்டின் விதிகள்படி, விற்பனைக்கு முன்பே தொழிலாளர் பிரதிநிதிகளுக்குத் தகவல் தர வேண்டும். அவர்களைப் பாதிக்கும் நடவடிக்கை எடுக்கக் கருதினால் கலந்தாலோசிக்கவும் வேண்டும். தவறினால் ஒவ்வொருவருக்கும் 13 வார ஊதியம் வரை இழப்பீடு உண்டு. நம் நாட்டின் 73ஆம் பிரிவோ அறிவிப்பையும் இழப்பீட்டையும் பேசுகிறது. விற்பனைக்கு முன் கலந்தாலோசிக்கக் கட்டளையிடவில்லை. திருமறையில் 'ஷூரா', அதாவது கலந்தாலோசனை என்ற பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருக்க, முஸ்லிம் முதலாளிக்குச் சட்டத்தின் கட்டளை எதற்கு?

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு திருமறையின் மிக நீண்ட வசனம் நமக்குக் கற்பிக்கின்றது. எனவே அந்தத் தந்தையிடம், "கையொப்பமிடும் முன் மூன்று நிபந்தனைகளையும் எழுத்து மூலம் கேளுங்கள், நகலைப் பத்திரப்படுத்துங்கள், சங்கத்திடமோ தொழிலாளர் துறை அலுவலகத்திலோ ஆலோசனை பெறுங்கள்" என்றேன். அவரும் கடிதம் கொடுத்துள்ளார். பதில் இன்னும் வரவில்லை.

இவ்விதழை வாசிக்கும் வணிகப் பெருமக்களே! உங்கள் ஆலையின் ஒரு பகுதியையோ, கடைகளுள் ஒன்றையோ விற்க நேரிடலாம். விலை பேசி முடிப்பதற்கு முன், அங்கே உழைப்பவர்களை அழைத்து அமர்த்தி மஷூரா செய்யுங்கள். அவர்கள் உழைத்த ஆண்டுகள் உங்களிடமுள்ள அமானிதம். அதை விற்கும் உரிமை உங்களுக்கு இல்லை.

எவருடைய உழைப்பையும் வீணாக்காத வல்ல அல்லாஹ், நம் வாணிபத்தில் நீதியையும் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.