முழங்காலளவு நீரில்

மீன்பிடி என்றால் எங்கள் கரையோர ஊர்களில் அது சோறு. வலை, வள்ளம், கருவாடு, கடன் என்று அதனோடு ஒட்டியே எங்கள் சீவியம் போனது. என் அப்பாவும் முல்லைத்தீவுக் கடலில் தொழில் செய்தவர்தான். அதனால், பிடித்த மீனை ஆற்றிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு போகும் மனிதரைப் பற்றி முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில், இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பகுதியில் அப்படியான ஒருவரோடு ஒரு நாளைக் கழித்தேன். அந்த நாளை வாசக சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சமூகப்பணி தொடர்பான குறுகிய காலப் பயிற்சி ஒன்றுக்காக லீட்ஸ் நகருக்குப் போயிருந்தேன். எங்களோடு கதைக்க வந்தவர்களில் இளைப்பாறிய தாதி ஒருவர் இருந்தார். வயது எழுபதுக்குக் கிட்ட. மார்புப் புற்றுநோய் வந்து சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். அதன் பிறகே தூண்டில் பழகினாராம். தடியை மெதுவாகப் பின்னால் கொண்டுபோய் முன்னால் வீசும் அசைவு, சத்திரசிகிச்சைக்குப் பின் இறுகிப்போகும் தோளுக்கும் கைக்கும் நல்ல பயிற்சி. இதை எண்ணியே 1996ஆம் ஆண்டு அமெரிக்காவின் வேர்மண்ட் மாநிலத்தில், மார்புப் புற்றுநோய்க்கு உள்ளான பெண்களுக்கென்று தூண்டில் முகாம்கள் தொடங்கப்பட்டன. போரில் காயப்பட்ட படையினருக்காகவும் 2005இல் அந்நாட்டில் இப்படியொரு திட்டம் ஆரம்பமானது. இதைக் கேட்டதும் எனக்குள் இருந்த சிரிப்பு நின்றுவிட்டது.

"ஞாயிற்றுக்கிழமை வாரும், காட்டுகிறேன்" என்றார் அந்த அம்மா. ஓம் என்றேன். தண்ணீருக்குள் இறங்க வேண்டிவரும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

லீட்ஸிலிருந்து இல்க்லி வரை புகையிரதத்தில் அரை மணித்தியாலம். அங்கிருந்து அவருடைய காரில் வார்ஃப் ஆற்றோரமாக மேல்நோக்கிப் போனோம். இரு பக்கமும் பச்சை மேடுகள், ஆடுகளும் குட்டிகளும். வயல்களைப் பிரிக்கும் மதில்களில் சாந்தே இல்லை. கல்லின்மேல் கல்லாக அடுக்கியிருக்கிறார்கள். எனக்கு நெடுந்தீவின் கல்வேலிகள் ஞாபகம் வந்தன. பேர்ன்சல் என்ற சிறு கிராமத்தில், ஐந்து வளைவுகள் கொண்ட கல்பாலத்தின் அருகே காரை நிறுத்தினார். ஆற்றுநீர் வெறுந்தேநீர் நிறத்தில் ஓடியது. மேலே உள்ள சதுப்பு மண்ணின் சாயம் அது என்று சொன்னார்.

அங்கே நினைத்தபடி தூண்டில் போட முடியாது. அரசாங்க அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆற்றங்கரையின் உரிமை யாரிடமோ அவர்களிடமும் சீட்டு எடுக்க வேண்டும். மார்ச் 25 முதல் செப்டெம்பர் 30 வரைதான் அந்த ஆறுகளில் ட்ரவுட் பிடிக்கலாம். குளிர்ந்த, ஓடுகின்ற, சுத்தமான நீரில் வாழும் புள்ளி போட்ட மீன் இது. நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரர்கள் நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் கொண்டுவந்து விட்டார்கள்.

புல்லில் துணியை விரித்து, அம்மா ஒரு சின்னத் தகரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே அரிசிமணியை விடச் சற்றுப் பெரிய கொக்கிகள். ஒன்றில் செம்மஞ்சள் பட்டுநூலைச் சுற்றி, தலைப்பக்கத்தில் கவுதாரியின் மெல்லிய இறகு ஒன்றை ஒன்றரைச் சுற்றுச் சுற்றியிருந்தது. அவ்வளவுதான். இன்னொன்றில் ஊதா நூலும் உள்ளான் இறகும். இதைத்தான் அவர்கள் 'ஈ' என்கிறார்கள். இதிலே இரை எதுவும் இல்லை.

ஆற்றின் அடியில் வளரும் பூச்சிகள் முதிர்ந்ததும் சிறகு விரிக்க மேலே நீந்தி வரும். ட்ரவுட் பெரும்பாலும் அவற்றைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துத் தின்றுவிடும். விறைப்பான இறகு கட்டிய ஈ நீர்மேல் மிதக்கும். மென்மையான இறகு நனைந்து அமிழ்ந்து, ஓட்டத்தில் மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்கும். மீன் அதை உயிருள்ளதென்று எண்ணும். இந்த ஈக்கள் இங்கிலாந்தின் வடபகுதிக்கும் ஸ்கொட்லாந்தின் எல்லைப் பகுதிக்கும் உரியவை. 1857இல் ஸ்டூவர்ட் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் இவ்வகை ஈக்களைப் பற்றி எழுதினார். யோர்க்ஷயர் ஈக்களை 1885இல் பிரிட் என்பவர் நூலாக்கினார்.

நான் கேட்டது பெண்களைப் பற்றி. தூண்டில் பற்றி ஆங்கிலத்தில் அச்சான முதல் நூல் 1496இல் வந்தது. அதை எழுதியவர் ஒரு கன்னியர்மடத் தலைவி என்று நெடுங்காலம் நம்பினார்கள். இன்று அறிஞர்கள் அதை ஐயுறுகிறார்கள். ஆனால் ஈ கட்டும் வேலையில் பெண்களின் கை இருப்பதில் எந்த ஐயமும் இல்லை. ஸ்கொட்லாந்தில் மேகன் பொய்ட் என்ற பெண், ஒரு சிறு கொட்டகையில் இருந்து வாழ்நாள் முழுவதும் சமன் மீனுக்கான ஈக்கள் கட்டி உலகப் புகழ் பெற்றார். 2001இல் காலமான அவர், ஒரு மீனைக்கூடத் தூண்டிலில் பிடித்ததில்லை. இலங்கையிலும் ஏற்றுமதிக்காக இந்த ஈக்களைக் கட்டும் தொழிற்சாலைகள் உண்டு. எங்கள் நாட்டுப் பெண்களின் விரல்கள் அங்கே இந்த வேலையைச் செய்கின்றன. அதைச் சொன்னதும் அம்மா பெட்டியை மறுபடி ஒருதரம் பார்த்தார்.

பிறகு எனக்கு ஒரு நீண்ட இறப்பர்ச் சப்பாத்தைத் தந்து, "வாரும்" என்று ஆற்றுக்குள் இறங்கினார். நான் கரையிலேயே நின்றேன்.

2009 ஏப்ரலில், புதுமாத்தளனில் நீரேரியைக் கடந்து வந்தவர்களில் நானும் ஒருத்தி. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அம்மம்மாவின் கை என் கையில் இருந்தது. நடுவில் எங்கோ அந்தக் கை என்னிடமிருந்து போய்விட்டது. அக்கரை சேர்ந்தபின் திரும்பிப் பார்க்க விடவில்லை. அதன் பிறகு அடி தெரியாத தண்ணீருக்குள் நான் கால் வைத்ததில்லை. "மனதில் இருப்பதைச் சொல்லுங்கள், பாரம் குறையும்" என்று எத்தனையோ சகோதரிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். என்னுடையதை யாருக்கும் சொன்னதில்லை.

அம்மா எதுவும் கேட்கவில்லை. திரும்பி வந்து பக்கத்தில் நின்று கையை நீட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு ஓரடி, பிறகு இன்னோரடி. கூழாங்கற்கள் காலுக்குக் கீழே உருண்டன. குளிர் இறப்பரைத் தாண்டி உறைத்தது. முழங்காலளவில், "இது போதும்" என்றேன். "போதும்" என்றார்.

ஆற்றுக்குக் குறுக்கே, சற்று மேல்நோக்கி வீச வேண்டும். ஓட்டம் நூலைக் கொண்டுபோகும். நூல் இறுகும் இடத்தில் ஈ மெல்ல மேலெழும். பூச்சி எழுவதும் அப்படித்தான். மீன் கடிப்பது அநேகமாக அப்போதே. நான் அவசரப்பட்டு இழுத்துக்கொண்டே இருந்தேன். "இழுக்காதேயும். ஆறு தன் வேலையைச் செய்யட்டும். உமக்குக் கை இருந்தால் போதும்" என்றார்.

எத்தனை தரம் வீசினேன் என்று தெரியாது. சட்டென்று ஒரு சுண்டல். உயிருள்ள ஒன்று நூலின் மறுபக்கம் துடித்தது. ஒரு சாண் நீள மீன். கொக்கியின் எதிர்முள்ளைக் குறட்டால் முன்பே நசுக்கியிருந்ததால் இலகுவாகக் கழன்றது. கையை நனைத்துவிட்டே மீனைத் தொட வேண்டும்; உலர்ந்த கை அதன் மேற்பூச்சை உரித்துவிடும். ஓட்டத்தை எதிர்த்துத் தலை இருக்கும்படி தண்ணீருக்குள் ஏந்திக்கொள்ளச் சொன்னார். செவுள் திறந்து மூடியது. களைப்புத் தீரும் வரை பிடித்திருந்தேன். பிறகு அது தானாகவே வாலை அடித்து என் கையிலிருந்து போனது. அது போய்ச் சேர்ந்த இடம் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும் வழியில், காருக்குள் வைத்து, அம்மம்மாவைப் பற்றி அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் வேகத்தைக் குறைத்தார், வேறொன்றும் சொல்லவில்லை.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டதென்று எழுதினால் அது பொய். அன்றிரவும் கனவு வந்தது. நந்திக்கடல் ஓரம் இன்னும் நான் போகவில்லை. ஆனால் என் வேலையில் ஒன்றை மாற்றிக்கொண்டேன். எங்கள் மகளிர் குழு கூடும்போது, "சொல்லுங்கள்" என்று இப்போது நான் தொடங்குவதில்லை. பனையோலையோ ஊசிநூலோ எல்லோர் கையிலும் கொடுக்கிறேன். நானும் எடுத்துக்கொள்கிறேன். சில நாட்கள் யாரும் வாய் திறப்பதில்லை. சில நாட்கள், பின்னிக்கொண்டே, தலை நிமிராமல் ஒருத்தி தொடங்குவாள். அப்போது நான் இழுப்பதில்லை. முழங்காலளவு போதும் என்றால், அன்றைக்கு அது போதும்.