வெயிலில் பிடித்துப் பாருங்கள்!

நான் வேளாண் அலுவலராகச் சேர்ந்த புதிது. ஐப்பசி மாதம், மன்னார்குடி பக்கம் எங்கள் ஊரிலிருந்து குறுவை நெல்லை லாரியில் ஏற்றி, கொள்முதல் நிலையத்துக்குக் கிளம்பினார் அப்பா. 'போன வருஷம் வாங்கின தார்ப்பாய்தானே, கவலைப்படாதீங்கப்பா' என்றேன். வழியில் மழை. இறக்கும்போது மூலை மூட்டைகள் நனைந்திருந்தன. ஈரப்பதம் 17 சதவிகிதத்தைத் தாண்டியதால், அவற்றை எடுக்கவில்லை. அப்பா என்னைத் திட்டவில்லை. பாயை வெயிலில் தூக்கிப் பிடித்தார். முந்தைய லோடில் இரும்பு முனையில் உரசிய இடத்தில், விரல் நுழையும் ஓட்டை.

அன்றிலிருந்து விவசாயிகளிடம் சொல்லி வருகிறேன். பாயைத் தடிமன் பார்த்து வாங்குங்கள். இரும்பு படும் இடங்களில் பழைய சாக்கை மடித்து வைத்து, அதன்மேல் விரியுங்கள். நடுவில் உயரமாக அடுக்கினால் தண்ணீர் தேங்காது. இரண்டு பாய் போட்டால், முன்பக்கப் பாய் மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று உள்ளே புகுந்து தூக்கிவிடும். கயிறு தளர்ந்தால், படபடத்தே பாய் கிழியும். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி, மறுபடி இறுக்குங்கள். ஈரத்தோடு மடிக்காமல், உலர்த்தி, எலி எட்டாத இடத்தில் வையுங்கள்.

அப்பா இப்போது இல்லை. விரிக்கும் முன் வெயிலில் பிடித்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் என்னோடு இருக்கிறது.