காத்தா? தண்ணியா? பெரிய பைக்குகளின் சூட்டுக் கதை

பெட்ரோல் என்ஜினை ஒரு அடுப்பு என்று நினைத்துக்கொண்டால் பாதி விஷயம் புரிந்துவிடும். உள்ளே எரிகிற பெட்ரோலில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் சக்கரத்தைச் சுற்றுவதற்குப் போகிறது. மிச்சமெல்லாம் சூடு. அதில் ஒரு பகுதி புகையோடு சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். இன்னொரு பகுதி சிலிண்டர் சுவரிலும் அதன் மேலே இருக்கும் ஹெட்டிலும் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும். அதைத் துரத்தாவிட்டால் ஆயில் கெட்டு, பிஸ்டன் வீங்கி, சிலிண்டரைக் கவ்விக்கொண்டு வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். "என்ஜின் சீஸ் ஆயிடுச்சு" என்று மெக்கானிக் கையை விரிப்பது இதற்குத்தான்.

துரத்துவதற்கு இரண்டு வழிகள். தெருவில் ஓடுகிற 100 சிசி வண்டியின் சிலிண்டரைச் சுற்றி வரிவரியாகத் தகடுகள் இருக்குமே, ஃபின் என்பார்கள், அது முதல் வழி. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அந்தத் தகடுகளுக்கு நடுவே புகுந்து சூட்டை அள்ளிக்கொண்டு போகும். இரண்டாவது, கார்களும் லாரிகளும் போகிற வழி. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓட விட்டு, சூடான தண்ணீரை ரேடியேட்டரில் ஆற வைத்து, திரும்ப உள்ளே அனுப்புவது. (கடைசியில் ரேடியேட்டரை ஆற்றுவதும் காற்றுதான். தண்ணீர் இங்கே வெறும் கூரியர் பாய் :-))

சின்ன வண்டிக்கு முதல் வழியே தாராளம். சண்டை ஆரம்பிப்பது பெரிய டூரிங் பைக்குகளில். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இரண்டு பேர் உட்கார்ந்து, பக்கத்தில் பெட்டிகளை மாட்டிக்கொண்டு, ஒரே நாளில் 500, 600 கிலோமீட்டர் போவதற்கென்றே செய்யப்படுகிற யானைகள் இவை. ஹோண்டா கோல்ட் விங், ஹார்லி-டேவிட்சன் எலக்ட்ரா கிளைட், பிஎம்டபிள்யூ ஆர்டி எல்லாம் இந்த வகை. ஹார்லியின் பெரிய மாடல்கள் 400 கிலோவைத் தொடும்.

இந்த வண்டிகளில் ஒரு வேடிக்கை உண்டு. நீண்ட தூரம் போகிறவருக்கு முகத்திலும் காலிலும் காற்று அடிக்கக் கூடாது. அதனால் முன்னால் பெரிய கண்ணாடி, கீழே கால்களை மறைக்கும் தடுப்புகள். ஓட்டுபவரைக் காற்றிலிருந்து காப்பாற்றுகிற அதே தடுப்பு, காற்றையே நம்பியிருக்கும் என்ஜினிடமிருந்தும் காற்றைப் பிடுங்கிக்கொள்கிறது! எடை அதிகம், சுமை அதிகம், காற்று மட்டும் குறைவு. வேகமாகப் போகும்வரை எப்படியோ சமாளித்துவிடும். மலை ஏறும்போதோ, போக்குவரத்து நெரிசலில் நிற்கும்போதோ தான் வினையே.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி சூடாவதற்கு எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதே வெப்பத்தை உறிஞ்ச ஏறக்குறைய 3,500 லிட்டர் காற்று வேண்டும். இந்த ஒரு கணக்கைப் பார்த்தாலே விவாதம் முடிந்துவிட வேண்டும். முடியவில்லை. ஏன் என்பதுதான் விஷயம்.

1974ல் ஜெர்மனியின் கொலோன் நகரக் கண்காட்சியில் ஹோண்டா ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது. பெயர் ஜிஎல்1000 கோல்ட் விங். 999 சிசி, பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும் நான்கு சிலிண்டர்கள், செயினுக்குப் பதில் ஷாஃப்ட், பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில். முன்னால் பளிச்சென்று ஒரு ரேடியேட்டர். இந்த அமைப்பில் பின் சிலிண்டர் முன் சிலிண்டரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். காற்று அங்கே ஒழுங்காகப் போய்ச் சேராது. ஆகவே தண்ணீர். ஹோண்டா இதில் உணர்ச்சிவசப்படவே இல்லை. (அதற்கு முன்பே, 1971ல், சுசுகி ஜிடி750 என்ற தண்ணீர் வண்டி வந்திருந்தது. அமெரிக்கர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் "தண்ணி எருமை". பிரிட்டனில் "கெட்டில்".)

கோல்ட் விங்கையும் "இரண்டு சக்கரக் கார்" என்று கிண்டல் பண்ணாதவர் பாக்கியில்லை. ஆனால் ஜனங்கள் வாங்கினார்கள். 1980ல் கண்ணாடி, பெட்டிகள் எல்லாம் கம்பெனியிலேயே மாட்டி வந்த இன்டர்ஸ்டேட், 1988ல் ஆறு சிலிண்டர், 2001ல் 1832 சிசி. வளர்ந்துகொண்டே போனது. தண்ணீர் இருந்ததால்தான் அத்தனை சாமான்களையும் அதன் தலையில் கட்ட முடிந்தது.

அடுத்து பிஎம்டபிள்யூ. 1923ல் வந்த ஆர்32 முதல் அவர்களின் அடையாளம் பாக்ஸர் என்ஜின். இரண்டு சிலிண்டர்களும் ஆளுக்கொரு பக்கம் கையை நீட்டியதுபோல வெளியே துருத்திக்கொண்டிருக்கும். காற்றில் குளிர்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. இரண்டுக்கும் சமமாகக் காற்று கிடைக்கும், ஒன்று இன்னொன்றை மறைக்காது. அப்படியிருந்தும் 1983ல் பிஎம்டபிள்யூ நான்கு சிலிண்டர்களோடு, தண்ணீரில் குளிரும் கே100 வண்டியைக் கொண்டுவந்தது. பழைய பாக்ஸரை மெல்ல ஓரங்கட்டிவிடலாம் என்பது திட்டம். கே100 நல்ல வண்டிதான். ஆனால் பாக்ஸர் வேண்டும் என்று கேட்டவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நிறுத்தப்பட்ட 1000 சிசி பாக்ஸர் சில வருடங்களிலேயே திரும்பி வந்தது. 1993ல் புத்தம்புது பாக்ஸர் என்ஜினே வந்தது, அதுவும் காற்றிலும் ஆயிலிலும் குளிர்வதாக. வாடிக்கையாளர் சொல்லி ஒரு கம்பெனி தன் திட்டத்தையே மாற்றிக்கொண்டதற்கு நல்ல உதாரணம் இது. மார்க்கெட்டிங் பாடப் புத்தகத்தில் போடலாம்.

பாக்ஸருக்குள் தண்ணீர் புக இன்னும் இருபது வருடம் பிடித்தது. 2012 இறுதியில், அதே கொலோன் நகரத்தில், 2013க்கான ஆர் 1200 ஜிஎஸ் அறிமுகமானது. அதிலும் முழுக்கத் தண்ணீர் இல்லை. சூடு அதிகமாக ஏறும் ஹெட் பகுதியையும் சிலிண்டரின் மேல் பகுதியையும் சுற்றி மட்டும் தண்ணீர். கீழே வழக்கம்போல ஃபின்கள். ரேடியேட்டர் கூட நடுவில் பெரிதாக ஒன்று வைக்காமல், இரண்டு சின்னதாகப் பக்கவாட்டில் ஒதுக்கி வைத்தார்கள். திறன் 110லிருந்து 125 குதிரைத்திறனாக ஏறியது. அடுத்த வருடம் அதே என்ஜின் டூரிங் வண்டியான ஆர் 1200 ஆர்டிக்கும் போனது.

திறன் எப்படி ஏறுகிறது? காற்றில் குளிரும் என்ஜினின் சூடு ஒரு நிலையில் நிற்காது. நெடுஞ்சாலையில் ஒரு சூடு, சிக்னலில் ஒரு சூடு. உலோகம் அதற்கேற்ப விரியும், சுருங்கும். அதனால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாக விட வேண்டும். ஹெட் அதிகம் சூடானால் பெட்ரோல் தானாகவே முன்கூட்டி வெடிக்கும், என்ஜின் 'நாக்' அடிக்கும். அதைத் தவிர்க்கக் கம்ப்ரெஷனைக் குறைத்து வைக்க வேண்டும், பெட்ரோலைக் கொஞ்சம் அதிகமாக ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். தண்ணீர் வந்தால் சூடு ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கும். இடைவெளியை இறுக்கலாம், கம்ப்ரெஷனை ஏற்றலாம், புகையும் குறையும். ஐரோப்பாவில் 2016ல் யூரோ 4, 2020ல் யூரோ 5 என்று விதிகள் இறுக இறுக, பலரைத் தண்ணீர்ப் பக்கம் தள்ளியது இந்தக் கடைசி விஷயம்தான். (சென்னைக்குப் பக்கத்தில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் கூட 2023ல் தண்ணீருக்கு மாறியது. 411 சிசியில் 24 குதிரைத்திறன் தந்தது, 452 சிசியில் 40 ஆனது.)

சரி, ஹார்லி. இந்தக் கதையின் கதாநாயகனும் வில்லனும் இவர்தான்.

ஹார்லியின் இரண்டு சிலிண்டர்கள் 45 டிகிரி கோணத்தில் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். முன் சிலிண்டரைத் தொட்டுச் சூடான காற்றுதான் பின் சிலிண்டருக்குப் போகும். பின் சிலிண்டர் எங்கே இருக்கிறது? ஓட்டுபவரின் தொடைக்கு நடுவில். ஆகஸ்டு மாத வெயிலில், சவுத் டகோட்டாவின் ஸ்டர்ஜிஸ் ஊரில் நடக்கும் பெரிய பைக் திருவிழாவில், ஆயிரக்கணக்கான வண்டிகளுக்கு நடுவே ஊர்ந்து போகிறவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இதற்கு ஹார்லி ஒரு தந்திரம் கண்டுபிடித்தது. நின்றுகொண்டிருக்கும்போது சூடு அளவுக்கு மீறினால் பின் சிலிண்டரில் பெட்ரோலே எரியாமல் நிறுத்திவிடுவது! அப்போது அது சும்மா காற்றை உள்ளே இழுத்து வெளியே விடும், சூடு குறையும். இரண்டு சிலிண்டருக்குக் காசு கொடுத்தவர், சூடு தணியும்வரை ஒரு சிலிண்டரோடு நிற்க வேண்டியதுதான்.

ஹார்லிக்குத் தண்ணீர் தெரியாது என்று நினைத்தால் தப்பு. 1970களின் பிற்பாதியிலேயே போர்ஷே கம்பெனியோடு சேர்ந்து, தண்ணீரில் குளிரும் நான்கு சிலிண்டர் வி என்ஜினை உருவாக்கிப் பார்த்தார்கள். நோவா என்று பெயர். அப்போது ஹார்லியின் முதலாளி ஏஎம்எஃப் என்ற பெரிய நிறுவனம். 1981ல் ஹார்லியின் அதிகாரிகள் சிலர் கடன் வாங்கிக் கம்பெனியை மீட்டார்கள். கையில் காசு இல்லை. நோவா, பழைய காற்று என்ஜினின் மேம்பட்ட வடிவம், இரண்டையும் முழுதாக வளர்க்க வசதியில்லை. நோவாவைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, அலுமினிய சிலிண்டர் கொண்ட எவல்யூஷன் என்ஜினை 1984 வண்டிகளில் வைத்து விற்றார்கள். கம்பெனி பிழைத்தது. 1986ல் பங்குச் சந்தைக்கே போனது.

பொறியியல் படிப்பவர்கள் இதைப் பின்னோக்கிய முடிவு என்பார்கள். வியாபாரக் கணக்கில் பார்த்தால் அதுதான் சரியான முடிவு. தண்ணீரில் குளிரும் நான்கு சிலிண்டர் வண்டியை ஹோண்டாவை விட மலிவாகவும் நன்றாகவும் செய்ய மில்வாக்கியில் யாராலும் முடிந்திருக்காது. ஹோண்டாவால் செய்ய முடியாத ஒன்றை விற்பதே புத்திசாலித்தனம். அந்த ஒன்றுதான் அந்தத் தோற்றமும் சத்தமும். 1994ல் ஹார்லி தன் என்ஜின் சத்தத்துக்கே டிரேட்மார்க் கேட்டு விண்ணப்பித்தது. போட்டிக் கம்பெனிகள் சும்மா விடவில்லை. 2000ல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "தண்ணி வந்தா சத்தம் போயிடும்" என்பது பழைய ஹார்லிக்காரர்களின் வாதம். அந்தப் 'பொட்டேட்டோ பொட்டேட்டோ' சத்தம் வருவது காற்றால் அல்ல. இரண்டு பிஸ்டன்களும் ஒரே கிராங்க் பின்னில் மாட்டப்பட்டு 45 டிகிரியில் நிற்பதால், வெடிப்புகள் சம இடைவெளியில் வருவதில்லை. 315 டிகிரியில் ஒன்று, 405 டிகிரியில் அடுத்தது. நொண்டி நடக்கிற தாளம். தண்ணீர் உள்ளே ஓடினால் என்ஜினின் கடகட சத்தம் கொஞ்சம் அமுங்கும், தாளம் மாறாது. ஆனால் 2001ல் ஹார்லி கொண்டுவந்த முதல் தண்ணீர் வண்டியான வி-ராட், போர்ஷே உதவியோடு செய்தது, 60 டிகிரி என்ஜினோடு வந்தது. கோணம் மாறியது, தாளம் மாறியது, ரேடியேட்டரும் முன்னால் வந்து நின்றது. எல்லாப் பழியும் தண்ணீரின் மேல் விழுந்தது. 115 குதிரைத்திறன் இருந்தும் அது பழைய ஆட்களின் வீட்டுப் பிள்ளை ஆகவே இல்லை. 2017 மாடலோடு கதை முடிந்தது.

அடுத்த முறை ஹார்லி உஷாராக இருந்தது. 2013ல், பிராஜெக்ட் ரஷ்மோர் என்ற பெயரில் டூரிங் வண்டிகளை மாற்றியபோது, சிலவற்றில் ஹெட்டில் மட்டும், எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி மட்டும், தண்ணீர் விட்டார்கள். ரேடியேட்டர்கள்? கால்களை மறைக்கும் தடுப்புகளுக்கு உள்ளே, ஆளுக்கொன்றாக ஒளித்துவைத்தார்கள். எட்டி நின்று பார்ப்பவருக்கு அது அப்படியே காற்று ஹார்லி. காற்றைத் தடுத்த அதே இடத்தில் ரேடியேட்டரை வைத்தது அழகான வேலைதான்.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. யமஹாவின் ராயல் ஸ்டார் வென்ச்சர் தண்ணீரில் குளிரும் நான்கு சிலிண்டர் வண்டி. அதன் இடத்துக்கு 2017ல் வந்த ஸ்டார் வென்ச்சரோ 1854 சிசியில், காற்றில் குளிரும் இரண்டு சிலிண்டர்! அமெரிக்காவின் இன்டியன் இன்னும் விவரம். 2022ல் அவர்கள் கடைக்குள் போனால் காற்றில் குளிரும் ரோட்மாஸ்டரும் இருந்தது, 122 குதிரைத்திறன் தரும் தண்ணீர் வண்டி பர்சூட்டும் இருந்தது. எதைக் கேட்டாலும் பில் போடுவார்கள். பிஎம்டபிள்யூவும் இதே வேலையைச் செய்தது. 2019ன் ஆர் 1250 ஆர்டி, தண்ணீர், 1254 சிசியில் 136 குதிரைத்திறன். 2021ன் ஆர் 18 டிரான்ஸ்கான்டினென்டல், காற்றும் ஆயிலும், 1802 சிசியில் 91. ஒரே கம்பெனி, ஒரே பாக்ஸர் வடிவம். பாதி அளவு கூடுதல் என்ஜின் வைத்தும் திறன் குறைவு. அதையும் விரும்பி வாங்க ஆள் இருக்கிறார்கள்.

காற்றுக் கட்சியின் பக்கம் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பம்ப், தெர்மோஸ்டாட், ரப்பர் குழாய், ரேடியேட்டர் எதுவும் இல்லை. இல்லாத பொருள் கெட்டுப்போகாது. கல் தெறித்து ரேடியேட்டர் ஓட்டையானால், அடுத்த ஊர் 150 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சாலையில் ஹோண்டாக்காரர் என்ன செய்வார்? கேள்வி நியாயமானது. ஆனால் அது எப்போதாவது நடப்பது. தொடை வேகுவது ஒவ்வொரு சிக்னலிலும் நடப்பது.

2023ல் ஹார்லியின் விலையுயர்ந்த சிவிஓ டூரிங் வண்டிகளில் 1977 சிசி என்ஜின் வந்தது. ஹெட்டில் தண்ணீர் ஓடுகிறது. சிலிண்டரைச் சுற்றி ஃபின்களும் வரிவரியாக அப்படியே இருக்கின்றன, ஓரங்கள் பளபளவென்று மின்னுகின்றன. பிரிட்டனின் டிரையம்ப் 2016ல் பொன்வில்லைத் தண்ணீருக்கு மாற்றியபோதும் ஃபின்களை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பல் பிரஷை வைத்துக்கொண்டு அந்த வரிகளுக்குள் அழுக்கு எடுக்கிறவர்களுக்கு வேலை குறையவே இல்லை :-)