பாட்டி வைத்துப் போன சொத்து

எங்கள் பாட்டியின் வைரத்தோடு பெரியம்மாவுக்குப் போயிற்று. வெண்கலப் பானை சித்திக்கு. என் அம்மாவுக்கு என்ன கிடைத்தது என்கிறீர்களா? ரத்தக் கொதிப்பு!

சிரிக்காதீர்கள். பாட்டியை 52-வது வயதில் படுக்கையில் தள்ளிய பக்கவாதத்துக்கு அதுதான் காரணம். இதைக் கண்ணால் கண்ட அம்மாவே, சென்ற மாதம் நான் ஓசூருக்குப் போயிருந்தபோது, மாத்திரை அட்டைகளைப் பிரிக்காமல் அலமாரியில் அடுக்கி வைத்திருந்தாள். தம்பிக்குச் சிப்காட்டில் ஷிப்டு வேலை, கவனிக்க ஆளில்லை.

"என்னம்மா இது?"

"தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. எனக்கு எதற்கடி மாத்திரை?"

அங்கேதான் இருக்கிறது சூது! ரத்தக் குழாயின் சுவரில் தசை உண்டு. அதன் அணுக்களுக்குள் கால்சியம் நுழைந்தால் தசை சுருங்கும், குழாய் குறுகும், அழுத்தம் ஏறும். வலிக்கவே வலிக்காது. அந்தத் தசை எவ்வளவு இறுக வேண்டும், எப்போது தளர வேண்டும் என்பதில் பரம்பரையாக வரும் மரபணுக்களுக்கும் பங்கு உண்டு.

துருக்கியில் ஒரு குடும்பத்தைப் பற்றி 1973-ல் மருத்துவர்கள் எழுதினார்கள். குட்டை விரல்களும் கடுமையான ரத்தக் கொதிப்பும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தன. சிகிச்சை இல்லாதவர்கள் பெரும்பாலும் ஐம்பது வயதுக்குள் பக்கவாதத்துக்குப் பலியானார்கள். ஒரே ஒரு மரபணுவில் உள்ள பிழையே காரணம் என்று 2015-ல் தெரிந்தது. நம் வீடுகளில் அப்படி ஒன்று அல்ல. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் தள்ளுகின்றன. மீதியை ஊறுகாயும் அப்பளமும் பார்த்துக்கொள்கின்றன!

அம்மாவின் மாத்திரை அம்லோடிபின். கால்சியம் நுழையும் வாசலை அது ஒருக்களித்துச் சாத்துகிறது. நிறுத்தினால் வாசல் பழையபடி திறந்துகொள்ளும்.

"மக்களைத் தேடி மருத்துவம்" 2021 ஆகஸ்டு 5-ம் தேதி தொடங்கியது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அது முதல் இந்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. வாசலுக்கு வந்தது வாய்க்குள் போக வேண்டாமா?

இவ்வளவையும் பிரசங்கம் செய்து முடித்தேன். அம்மா அமைதியாகக் கேட்டாள்: "நீ பார்த்துக்கொண்டாயோ?"

வாயடைத்துப் போனேன். மறுநாள் இருவருமாக டாக்டரிடம் போனோம். எனக்கு மேலே 146, கீழே 94. "ஒரு தடவை பார்த்து முடிவு கட்டக்கூடாது, மறுபடியும் வாருங்கள்" என்றார். போனேன், குறையவில்லை. வயது முப்பத்தாறுதான்!

இப்போது தினமும் காலையில் ஓசூருக்கு டெலிபோன் செய்கிறேன். "போட்டாயா அம்மா?" என்பேன். "நீ போட்டாயா?" என்பாள்.

உங்கள் பாட்டி என்ன வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்? அலமாரியில் தேடாதீர்கள், சகோதரி. கையை நீட்டி அளந்து பாருங்கள்!